இரண்டாவது ‘நோ’

ஆங்கிலத்தில் ஒரு தடவை ‘நோ’ சொல்வது பெரிய காரியமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அதையே இரண்டாம் தடவை சொல்வதற்குத்தான் எனக்கு ஒரு முழுக் காலைப்பொழுது தேவைப்பட்டது.

மகளை முன்பள்ளியில் விட்டுவிட்டு, மஹய்யாவையில் உள்ள எங்கள் மாடி வீட்டுக்குத் திரும்பி, ஈரக் குடையைப் படியில் விரித்து வைத்தேன். அரிசி களையவில்லை. துணி ஊறவைக்கவில்லை. மேசையில் போனை வைத்துக்கொண்டு, பழைய கலண்டர் தாளொன்றின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். அகேன், நோ. நோ அகேன். வன்ஸ் அகேன், நோ. ஸ்டில் நோ. ஆஸ் ஐ செட் பிஃபோர், நோ.

எல்லாம் ஒன்றுதானே என்று தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பதிலில் என் மகளின் முகம் இருந்தது.

போன மாதம் கலஹாவுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்துக்கு, கோயில் திருவிழாவுக்காகப் போயிருந்தோம். நான் பிறந்து வளர்ந்த லயம், தொழிலாளர்களின் வரிசை வீடு, அங்கேதான். அம்மா இன்னும் அங்கே கொழுந்து எடுக்கிறார். மத்தியான மழை விட்டதும் மகள் லயத்துப் பிள்ளைகளோடு சேற்றில் இறங்கினாள். திருவிழாவுக்கு வாங்கிய புதுக் கவுன் பாழாகிவிடும் என்று பயந்து, அம்மா வீட்டில் கிடந்த பழைய கவுனொன்றை நான்தான் மாட்டிவிட்டேன். செருப்பையும் கழற்றி வைத்தேன். நான் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துப் பயப்படுகிறவள். மகள் உறையில் விற்கும் ஐஸ் பக்கட் இரண்டை உறிஞ்சிவிட்டு மூன்றாவது கேட்டாள். தொண்டை கட்டிவிடும் என்று மறுத்தேன். தலைமுடி கலைந்து, கன்னத்தில் சேறும் கண்ணில் நீருமாக அவள் அங்கேயே நின்று அழுதாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளைக்காம்பராவைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். மலைக்கு வேலைக்குப் போகும் தாய்மார் தங்கள் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் மாதாமாதம் பால்மா கொடுக்கிறது. திட்டத்தின் பொறுப்பாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நல்லவர். பிள்ளைகளின் உயரத்துக்குக் குனிந்து பேசுகிறவர். என் மகளைக் கண்டதும் அவர் கெமராவை எடுத்தார். படம் எடுத்த பிறகு, தாய் யார் என்று விசாரித்து என்னிடம் வந்தார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். எனக்கும் சந்தோஷம்தான். லயத்து வாசலில் எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, ஆங்கிலம் பேசி, என் போன் நம்பரையும் கொடுத்தேன்.

இரண்டு நாளில் வட்ஸ்அப்பில் செய்தி வந்தது. உங்கள் மகளின் படத்தை எங்கள் புதிய கைநூலின் முன்பக்கத்தில் போட விரும்புகிறோம், சம்மதமா என்று கேட்டிருந்தார். எனக்கு விருப்பமில்லை. ஆகவே “வீ வில் சீ மேடம், தேங்க் யூ சோ மச்” என்று அனுப்பினேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம் “பார்த்துட்டுச் சொல்றோம்” என்றால் அவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேறு வீடு பார்க்கப் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை மேலதிக வேலைக்கு வரச் சொல்லும் கங்காணியிடம் “பாப்போங்க” என்றால் அவர் வேறு ஆள் தேடுவார். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்வது கேட்டவரைக் கீழே தள்ளிவிடுவதுபோல. அதனால் ‘பார்ப்போம்’ என்கிறோம். அது கேட்டவருக்கும் விளங்கும்.

மேடத்துக்கு விளங்கவில்லை. அடுத்த வாரம் கைநூலின் முன்பக்கத்தையே வடிவமைத்து அனுப்பிவிட்டார். பக்கம் முழுக்க என் மகள். கண்ணீர் ஒரு முத்தாகக் கன்னத்தில் நிற்கிறது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: இன்றிரவு இவள் சாப்பிடுவாளா?

அதை என் கணவரிடம் காட்டினேன். அவர் டவுனில் ஒரு பார்மசியில் வேலை செய்கிறார். எதையும் லேசாக எடுத்துக்கொள்வார். “நம்ம புள்ள வெளிநாட்டுல எல்லாம் பேமஸ் ஆகப் போகுது. நீ ஏன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்க?” என்றார்.

“கீழ எழுதியிருக்கிறத வாசிங்க.”

வாசித்தார். சிரிப்பு அடங்கியது. “நைட்டு சாப்பிடுவாளான்னா கேக்குறாங்க? நேத்து என் தட்டுல இருந்த முட்டையையும் சேத்துல்ல தின்னா?”

“அதத்தான் சொல்றேன்.”

“சரி, வேணாம்னு சொல்லிரு. ஆனா கோவிச்சுக்காத மாதிரி சொல்லு. பால்மா குடுக்கிறவங்க.”

கோபித்துக்கொள்ளாத மாதிரி எழுதினேன். மன்னிக்கவும் மேடம், ஒரு சின்னப் பிரச்சினை, பிள்ளையின் அப்பாவும் யோசிக்கிறார், படமும் அவ்வளவு தெளிவில்லை போலிருக்கிறது, தப்பாக நினைக்காவிட்டால் இந்த முறை வேண்டாமோ என்று. ஐந்து தடவை திருத்தி அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. அப்பாவோடு பேச அவர் தயாராம். படம் தெளிவில்லையென்றால் நல்ல கெமராக்காரர் ஒருவரை வீட்டுக்கே அனுப்புவாராம். மாத முடிவில் அச்சுக்குப் போகிறது, உங்கள் மகளின் கண்கள் ஆயிரம் பிள்ளைகளுக்கு உதவும், தயவுசெய்து இன்னொரு முறை யோசியுங்கள் என்று முடித்திருந்தார்.

அன்று பின்னேரமே பிள்ளைக்காம்பரா ஆயாம்மாவும் போன் எடுத்தார். நானே அங்கே தொட்டிலில் கிடந்தவள் என்பதால் அவருக்கு நான் எப்போதும் பாப்பாதான். “என்னா பாப்பா, போட்டோவுக்கு இம்புட்டு யோசனையா? அந்த அம்மா மனசு நொந்து பால்மாவ நிப்பாட்டிட்டா என்னா செய்றதுன்னு இங்க பொம்பளைங்க பேசிக்கிறாங்க.”

“அப்படி நிப்பாட்டுவாங்களா ஆயாம்மா?”

“எனக்கென்னா தெரியும். குடுக்கிறவங்க கைதான?”

இப்படித்தான் அந்தக் காலையில் கலண்டர் தாளோடு உட்கார்ந்தேன். மேடத்தின் மனம் நோகக் கூடாது. பால்மா நிற்கக் கூடாது. என் பிள்ளை, இரவுச் சாப்பாடு இல்லாத பிள்ளையாக ஊரூராகப் போகவும் கூடாது. மூன்றையும் தாங்கும் ஒரு வசனம் ஆங்கிலத்தில் எங்காவது இருக்கத்தான் வேண்டும் என்று நம்பினேன்.

‘அகேன், நோ’ என்பதைச் சொல்லிப் பார்த்தேன். பரீட்சை முடிவு வாசிப்பதுபோல இருந்தது: இந்த முறையும் பெயில். ‘நோ அகேன்’ என்றால் சலித்துக்கொள்வதுபோல, மறுபடியும் வந்துவிட்டீர்களா என்று கேட்பதுபோல. ‘வன்ஸ் அகேன், நோ’ மேடைப் பேச்சு. ‘ஸ்டில் நோ’ எனக்குத் தமிழில் கேட்டது: இன்னும் இல்லை. பஸ் இன்னும் வரவில்லை என்பதுபோல, கொஞ்சம் பொறுத்தால் வந்துவிடும் என்று நினைத்துவிடுவாரோ? ‘ஆஸ் ஐ செட் பிஃபோர்’ என்பதில் எங்கள் பாடசாலை ஆங்கில டீச்சரின் குரல் இருந்தது. நான்தான் முதலே சொன்னேனே, காது எங்கே போனது என்கிற குரல்.

கீழ் வீட்டில் இருப்பவர் தையல் வேலை செய்கிற ஒரு முஸ்லிம் பெண். முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் ‘தாத்தா’ என்று கூப்பிடுவார்கள். நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன். ‘சொல்’ என்பது அவர் வாயில் ‘செல்’ என்றுதான் வரும். மகளின் முன்பள்ளிச் சட்டையைக் கொடுக்க மேலே வந்தவர், தாளையும் என் முகத்தையும் பார்த்தார்.

“என்னா புள்ள, அடுப்பும் பத்தவெக்காம பரீட்சையா எழுதுற?”

விஷயத்தைச் சொன்னேன். தாத்தா என் எதிரே கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, நான் எழுதியிருந்தவற்றை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“ஒரு நோவுக்கு இத்தன அலங்காரமா? அதென்னா கலியாணப் பொண்ணா?”

“சிரிக்காதீங்க தாத்தா. எது மரியாதையா இருக்கும்னு சொல்லுங்க.”

“எனக்கு இங்கிலீசு தெரிஞ்சா நான் ஏன் மிசினோட கெடக்குறேன்? சரி, ரெண்டாம் தரம் செல்லத்தானே கஷ்டப்படுற? மொதத்தரம் என்னா சென்ன? அதையே திரும்பச் செல்லேன்.”

நல்ல யோசனை என்று போனை எடுத்து, முதல் செய்தியிலிருந்து தாத்தாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். பார்ப்போம் மேடம், மிக்க நன்றி. “ம், இது வேணாம்னுதான்” என்று தாத்தா தலையாட்டினார். அப்பாவும் யோசிக்கிறார், படம் தெளிவில்லை, தப்பாக நினைக்காவிட்டால். “இதும் வேணாம்னுதான். அந்த மனிசிக்கு வெளங்கலியா?”

நான் வாசிப்பதை நிறுத்தினேன். போனை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மேடம் அனுப்பியவை நீளமாக இருந்தன. நான் அனுப்பியவை அதைவிட நீளம். மன்னிப்பு இருந்தது, நன்றி இருந்தது, சிரித்த முகப் பொம்மைகூட ஒன்று இருந்தது. ‘நோ’ மட்டும் இல்லை. எங்குமே இல்லை. இரண்டாம் தடவை எப்படிச் சொல்வது என்று காலையிலிருந்து மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன், நான் இன்னும் முதல் தடவையே சொல்லவில்லை.

“என்னா புள்ள பேயடிச்ச மாதிரி பாக்குற?”

“தாத்தா, நான் ஒருக்காவும் சொல்லவே இல்ல.”

தாத்தா தாளை என் பக்கம் தள்ளினார். “நமக்கு வெளங்கும் புள்ள. அந்த மனிசி எங்கத்தையோ இருந்து வந்தது.” பிறகு எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனார். “நீ எழுது. நான் பிளேன்டி ஊத்துறேன்.”

எழுதினேன். நோ மேடம். என் மகளின் படத்தைப் போட வேண்டாம். அவ்வளவுதான். கடைசியில் ஒரு மன்னிக்கவும் சேர்க்கக் கை துடித்தது. சேர்த்தேன், அழித்தேன், மறுபடி சேர்த்தேன். பிறகு அழித்துவிட்டு அனுப்பினேன். தாத்தா கொண்டுவந்த பிளேன்டியில், அந்தப் பாலில்லாத தேத்தண்ணியில், சீனி அளவுக்கு மேல் இருந்தது. அப்படியே குடித்துவிட்டேன்.

பதில் மறுநாள்தான் வந்தது. உங்கள் பதிலுக்கு நன்றி, நேரில் ஒரு தேநீருக்கு வர முடியுமா, நான் புரிந்துகொள்ள விரும்புகிறேன் என்று. கணவர், “போகாத, பேசியே கவுத்திருவாங்க” என்றார். அதுதான் எனக்கும் பயம். ஆனால் போகாமல் விட்டால் அவர் அதையும் ‘பார்ப்போம்’ என்று எடுத்துக்கொள்வாரோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. டவுனுக்குப் போய் அம்பிட்டிய பஸ்ஸில் ஏறினேன். வாவிக்கரையைச் சுற்றிப் பஸ் ஏறும்போது, வாய்க்குள்ளேயே என் வசனங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்துச் சீட்டில் இருந்த பெண்மணி, நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்சம் மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

அலுவலகம் ஒரு வீட்டின் மேல் தளம். மேடம் வாசலுக்கே வந்து கைகொடுத்தார். கணினியில் படம் பெரிதாக இருந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்துவிட்டேன். என் பிள்ளை அவ்வளவு அழகு. பின்னால் மழை கழுவிய தேயிலை, முன்னால் அந்தக் கண்கள். ஒரு கணம் எனக்கே ஆசை வந்தது.

மேடம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மிக மென்மையாகக் கேட்டார். அந்த வரியை எடுத்துவிடுகிறோம். வெறும் படம் மட்டும். ஊர்ப் பெயர்கூட வேண்டாம். அப்படியென்றால் சம்மதமா?

இதைவிட நியாயமாக ஒருவர் கேட்க முடியாது. ‘வீ வில் சீ’ என் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. பின்னாலேயே மன்னிக்கவும், கணவர், தெளிவில்லை எல்லாம் வரிசையில் நின்றன. வரி போனாலும் அந்தப் படம் அதையேதான் கேட்கும் என்பது எனக்குத் தெரியும். சேறும் கண்ணீரும் பழைய கவுனும் தேயிலையும் சேர்ந்தால் உலகம் என்ன நினைக்கும் என்று தெரிந்துதானே அவர் கெமராவை எடுத்தார்.

“ஸ்டில் நோ,” என்றேன்.

தேடித் தேர்ந்து சொன்னதில்லை. அதுவாக வந்தது. ஒரு ‘நோ’ ஏற்கெனவே அவர் கையில் இருந்ததால் இதற்கு நிற்க இடம் கிடைத்தது. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலைகளில் அந்த மௌனமும் ஒன்று. காற்றாடி சுற்றியது. வெளியே ஒரு முச்சக்கரவண்டி மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறியது. நான் ஒன்றும் சேர்க்கவில்லை.

“ஓகே,” என்றார் மேடம். என் கண்முன்னாலேயே படத்தை அழித்தார். வேறு பிரதிகளையும் அழித்துவிடுவதாகச் சொன்னார். எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும்போல இருந்தது. பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்த அன்றுகூட அப்படி இருந்ததில்லை.

பிறகுதான் அவர் ஏன் என்று கேட்டார். ஐஸ் பக்கட் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “மூன்றாவது ஐஸா?” என்று திரும்பவும் கேட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்தினார்.

“உள்பக்கங்களில் வேறு பிள்ளைகளின் படங்களும் இருக்கின்றன. எல்லாத் தாய்மாரிடமும் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டோம். எல்லோரும் ‘பார்ப்போம்’ என்றுதான் சொன்னார்களாம். நான் அதை நல்ல பதில் என்று நினைத்தேன்.” என்னைப் பார்த்தார். “நல்ல பதில்தானா?”

“இல்லை மேடம்.” இப்போது அந்தச் சொல் பழகிவிட்டது. “நீங்கள் படம் கேட்கிறீர்கள். அவர்கள் பால்மாவை நினைக்கிறார்கள். வேண்டாமென்று சொன்னாலும் பால்மா வரும் என்று முதலில் சொல்லுங்கள். அதற்குப் பிறகு படத்தைக் கேளுங்கள்.”

“பால்மா எப்படியும் வரும். அது அவர்களுக்குத் தெரியாதா?”

“யாரும் சொல்லவில்லையே.”

மேடம் கணினியை மூடினார். பிறகு, “நீங்கள் வந்து சொல்வீர்களா?” என்றார். யோசிக்காமல் “யெஸ்” என்றேன்.

அந்தச் சனிக்கிழமை பேராதனையில் பஸ் மாறிக் கலஹாவுக்குப் போனேன். கணவர் அரை நாள் லீவு எடுத்து மகளைப் பார்த்துக்கொண்டார். காலைக் கொழுந்தை நிறுத்துவிட்டு வந்த பெண்கள், தலையில் கட்டிய துணியோடேயே பிள்ளைக்காம்பராவுக்கு முன்னால் கூடினார்கள். மேடம் ஒரு பக்கம் நின்றார். ஆயாம்மா இடுப்பில் ஒரு பிள்ளையோடு என்னை முறைத்துக்கொண்டு நின்றார்.

நான் சொன்னேன்: “பால்மா ஒரு நாளும் நிக்காது. போட்டோ குடுத்தாலும் வரும், குடுக்காட்டியும் வரும். மேடம் இங்கேயே நிக்கிறாங்க, சந்தேகம்னா அவங்ககிட்டயே கேளுங்க. இப்ப சொல்லுங்க, போட்டோவ போடலாமா, வேணாமா?”

எல்லோரும் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு குரல்: “அப்பன்னா வேணாங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “எம்புள்ளதும் வேணாங்க. மூக்கு ஒழுகிட்டு நிக்கிறான்.” “எனக்கும் வேணாம்.” “ஏய், நீ அன்னைக்கு வாயத் தொறக்கவே இல்லையேடி!” “நீ மட்டும் தொறந்தியாக்கும்?” வேணாம் வேணாம் என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேடத்துக்கு நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொன்னேன். நோ. நோ. ஸ்டில் நோ மேடம். அவர் குறித்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் பேனாவை மூடிவிட்டு அவரும் சிரிக்கத் தொடங்கினார்.

“எல்லாரும் வேணாம்னுட்டா புத்தகத்துல என்னத்தப் போடுவாங்க பாவம்?” என்றார் ஆயாம்மா.

அப்போது என் வயதுப் பெண்ணொருத்தி முன்னால் வந்தாள். “எம்மவளப் போடட்டும். ஆனா இப்பிடி இல்ல. செத்த நேரம் இருக்கச் சொல்லுங்க.” லயத்துக்கு ஓடினாள். மேடம் காத்திருந்தார். மூன்று வயதுப் பிள்ளை, குளிப்பாட்டி, சிவப்புச் சாட்டின் கவுன் போட்டு, எண்ணெய் வைத்து இரட்டைக் கொண்டை போட்டு, முகமெல்லாம் பவுடரோடு வந்து சேர்ந்தாள். ஆயாம்மா அவள் கையில் ஒரு கப் பாலைக் கொடுத்தார். குடித்துவிட்டு, மேலுதட்டில் வெள்ளை மீசையோடு, கெமராவைப் பார்த்து முறைத்தாள். சிரி என்று எல்லோரும் கெஞ்சினார்கள். அவள் சிரிக்கவே இல்லை.

“கீழே என்ன எழுதலாம் என்று அந்தத் தாயிடம் கேளுங்கள்,” என்றார் மேடம்.

கேட்டேன். அவள் கொஞ்சமும் தயங்கவில்லை. “காலையில பால் குடிச்சிட்டுத்தான் நிக்கிறான்னு எழுதச் சொல்லுங்க.”

அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு ஒரே ஒரு வசனம்தான் தோன்றியது. அதையே சொன்னேன். கைநூல் அச்சாகி வந்தபோது, வெள்ளை மீசையோடு முறைத்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிள்ளைக்குக் கீழே ஒரு சொல்கூட மாறாமல் அது இருந்தது.